ஒன்பது தென்னை யாருக்குச் சொந்தம்?

தலைக்கு மேலே போகவேண்டிய கம்பி ஒரு குடும்பத்துக்குள்ளே புகுந்த கதை இது. காது கொடுத்துக் கேளுங்கள், கடைசியில் உங்களிடம்தான் நியாயம் கேட்கப்போகிறேன்.

தாராபுரத்துக்கு மேற்கே ஒரு தோட்டம். அதன் குறுக்கே உயரழுத்த மின்பாதை வர இருந்தது. கம்பிக்கு அடியில் ஒன்பது தென்னைகள். அவற்றை வெட்டியே ஆகவேண்டும், வெட்டினால் இழப்பீடு உண்டு. அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்க்க வந்தவர் வட்டாட்சியர் தமயந்தி. முடிச்சு இறுக இறுக அவருக்கு ஆவல் கூடும். அப்படி ஒரு பிறவி!

தோட்டம் நாச்சிமுத்துவினுடையது, பட்டாவும் அவர் பெயரில்தான். ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால், தங்கை குஞ்சம்மாளின் கல்யாணப் பந்தலில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையில், "இந்த ஒன்பது மரமும் நிக்கற வரைக்கும் காயெல்லாம் உனக்குத்தான்" என்று சொல்லி, கல்யாணச் சீராகக் கொடுத்தார். பத்திரம் எதுவும் இல்லை. அண்ணன் தங்கைக்குள் எழுதி வாங்கினால் அந்தப் பக்கத்தில் ஊரே சிரிக்கும். கணவர் போன பிறகு குஞ்சம்மாள் வீட்டில் உலை கொதிப்பதே அந்தக் காயால்தான்.

"மரம் நிக்கற வரைக்கும்னுதானுங்க சொன்னேன். நாளைக்கு மரமே இல்லையே! நான் சொல்லு மாறலீங்க" என்றார் நாச்சிமுத்து. அடேயப்பா, என்ன சாமர்த்தியம்!

"அது என்ற மரமுங்க, எனக்குக் குடுத்ததுங்க" என்றாள் குஞ்சம்மாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

இடையில் புகுந்தார் தோட்டத்துக் குத்தகைக்காரர் மாரண்ணன். "பஞ்சத்துல நான் லாரித் தண்ணி வாங்கி ஊத்தலீன்னா அன்னிக்கே பட்டுப்போயிருக்குமுங்க. உசுரு குடுத்தவனுக்குப் பங்கு இல்லீங்களா?"

"அதுக்குத்தான் மூணு வருசக் காயை நீங்களே பறிச்சுக்கிட்டீங்களே" என்றாள் குஞ்சம்மாள். "பறிச்சது நெசந்தானுங்க" என்றார் அவர்.

தமயந்தி மதிப்பீட்டுத் தாளை விரித்து உரக்கப் படித்தார். கம்பிக்கு அடியில் இனி உயர்ந்த மரமோ வீடோ வைக்க முடியாத நிலத்துக்குத் தனி இழப்பீடு. தென்னைக்குத் தனி. ஒவ்வொரு மரமும் இன்னும் எத்தனை வருஷம் காய்த்திருக்கும் என்று பார்த்துப் போட்ட மதிப்பு அது. வெட்டிய கட்டை நிலத்துக்காரருக்கு. இங்கே தீராவிட்டால் விஷயம் கோர்ட்டுக்குப் போகும், குஞ்சம்மாளின் அடுப்பு அதுவரை காத்திருக்காது.

பேனா உங்கள் கையில் இருந்தால், தென்னைக்கான இழப்பீட்டை யார் பெயருக்கு எழுதுவீர்கள்?

விடை: குஞ்சம்மாள் பெயருக்கு, முழுதாக. மாரண்ணன் ஊற்றிய தண்ணீர் மூன்று வருஷக் காயோடு நேராகிவிட்டது. நாச்சிமுத்துவுக்கு நிலத்தின் இழப்பீடும் கட்டையும் உண்டு. தென்னைக்கு வருவதோ இனிமேல் காய்க்கவிருந்த காய்க்கான விலை. "மரம் இல்லைன்னு வெச்சா இந்தப் பணமே கிடையாதுங்க. நிக்குதுன்னு வெச்சுத்தான் போட்டிருக்காங்க. நின்னா காய் யாருக்குன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க" என்று நாச்சிமுத்துவிடம் சொன்னார் தமயந்தி. நாச்சிமுத்து அன்றைக்கு முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்து, "கையெழுத்துப் போடு, அம்மிணி" என்றார்.