நடுக்கடலில் நின்ற முந்திரி

வர்த்தகத் துறைச் செயலாளர் தில்லைநாயகத்துக்கு ஒரு பிரிவைக் கண்டாலே ஆகாது. நம் ஏற்றுமதிக் கணக்கும், வாங்கிய நாடுகள் வெளியிடும் இறக்குமதிக் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற பிரிவு அது. அதற்குத் தலைவி மரகதவல்லி.

ஒருநாள் செயலாளர் அந்தப் பிரிவுக்கே வந்து நின்றார்.

"நாளைக்கு மந்திரி பேசறார். முந்திரி ஏற்றுமதியை ரெண்டு மடங்கா காட்டுங்க. இல்லேன்னா, ஊரான் கணக்கைப் பார்க்கிற இந்தப் பிரிவையே இழுத்து மூடிடுவேன்."

எல்லாரும் மரகதவல்லியின் வாயையே பார்த்தார்கள். அந்தம்மா என்ன சொல்லப்போகிறாரோ?

"காட்டிடலாம் சார். வாங்கின நாட்டு மந்திரிக்கு நீங்க ஒரு போன் போட்டா போதும்."

"அந்தாளுக்கு எதுக்கு?"

"நாம ரெண்டு கப்பல் அனுப்பினோம்னு சொன்னா, அவரும் ரெண்டு கப்பல் வந்துச்சுன்னு சொல்லணுமே. இல்லேன்னா ஒரு கப்பல் முந்திரி நடுக்கடல்லயே நிக்கும்."

செயலாளர் சிரித்தார். "நாம சொல்றதை அங்க எவன் உட்கார்ந்து சரிபார்க்கப் போறான்?"

"அங்கேயும் இதே மாதிரி ஒரு பிரிவு இருக்கு சார். முதல்ல அதை மூடச் சொல்லுங்க. அப்புறம் எங்களை மூடலாம்."

மறுநாள் மந்திரி ஒரு கப்பல் முந்திரியைப் பற்றித்தான் பேசினார்.