கிளிக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்த குரு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்தத் தேசம், என்ன பெயர் என்றெல்லாம் குடையாதீர்கள். நல்ல ராஜா, அது போதும். போர்க்களத்தில் அவரைக் கண்டால் எதிரி வாளைப் போட்டுவிட்டு ஓடுவான். அப்பேர்ப்பட்டவர் ஒரு கிளிக்குஞ்சிடம் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு புயல் மழையில் அரண்மனைத் தோட்டத்துப் பனைமரம் முறிந்தது. அதன் பொந்திலிருந்து கண்கூடச் சரியாகத் திறக்காத ஒரு குஞ்சு வந்து விழுந்தது. தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுத்துப் பழகாத மகாராஜா, கடலைப்பருப்பை ஊறவைத்து அரைக்கச் சொல்லி, மாவிலையைச் சுருட்டி, தம் கையாலேயே அதற்கு ஊட்டினார். குஞ்சு பிழைத்துக்கொண்டது. சிவந்த மூக்கைப் பார்த்துப் பவளம் என்று பெயர் வைத்தார். பவளத்துக்குச் சிறகு முளைத்தது, குரல் முளைத்தது, கூடவே ஒரு கெட்ட பழக்கமும் முளைத்தது. கடிக்கும். விளையாட்டுக் கடி இல்லை, சதை பிய்கிற கடி.

மகாராஜா தம் அரசவை விகடனான பூவநாதனைக் கூப்பிட்டார்.

“பூவநாதா, பங்குனித் திருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அன்று சபையில் பவளம் என் விரலில் சமர்த்தாக உட்கார வேண்டும், கடிக்கக் கூடாது. இன்று முதல் நீதான் அதற்குக் குரு.”

குரு என்ற சொல் காதில் விழுந்ததும் சட்ட ஏடுகளைக் காக்கும் அகோரமூர்த்திப் பண்டிதருக்கு முகம் சுண்டிவிட்டது. நாற்பது வருஷமாக ஏடு புரட்டுகிறார், ஒரு நாளாவது அவரை மகாராஜா குரு என்று அழைத்ததுண்டா? போயும் போயும் ஒரு கோமாளிக்கு அந்தப் பட்டமா? அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தினமும் விடிந்ததும் கிளி பூவநாதன் வீட்டுக்கு வரும், பொழுது சாய்ந்ததும் அரண்மனைக்குத் திரும்பும். முதல் நாள் அவன் காதைக் கிழித்தது. இரண்டாம் நாள் கட்டைவிரல். அவன் கத்தவும் இல்லை, அதட்டவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிளியைத் தரையில் இறக்கிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். கடிக்காமல் விரலைத் தொட்டால் மட்டும் ஒரு கொய்யாத் துண்டு கொடுப்பான். ஒரே வாரத்தில் பவளம் அவன் தோளில் ஏறி, மீசையைக் கோதிவிட்டு, அங்கேயே தூங்கிப்போகும் அளவுக்கு வந்துவிட்டது. பூவநாதனுக்கு அதன்மேல் உயிர்.

ஆனால் பகலில் அவன் கட்டியதையெல்லாம் சாயங்காலத்தில் மகாராஜா இடித்துக்கொண்டிருந்தார். அதை ஒரு நாள் நேரிலேயே பார்த்துவிட்டு அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“மகாராஜா, தாங்கள் கடிபட்டதும் கத்தாமல் இருக்க வேண்டும். பழமும் கொடுக்க வேண்டாம்.”

“போடா! என் பிள்ளைக்கு நானா கெட்டதைச் சொல்லிக் கொடுப்பேன்?” என்று மகாராஜா எழுந்து போய்விட்டார்.

திருநாளும் வந்தது. சபை நிறைந்திருந்தது. மகாராஜா பெருமையாக வலது கை ஆள்காட்டி விரலை நீட்ட, பவளம் ஏறி உட்கார்ந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, நறுக்கென்று கடித்தது. ரத்தம் சொட்டிச் சிம்மாசனத்தின் வெள்ளைப் பட்டில் விழுந்தது.

பண்டிதர் காத்திருந்தவர்போல எழுந்தார். கையில் ஏடு தயாராக இருந்தது.

“மகாராஜா பொறுத்தருள வேண்டும். தங்கள் பாட்டனார் எழுதிவைத்த சட்டம் இது. சபையில் அரசரின் ரத்தத்தைச் சிந்தச் செய்தவருக்குச் சிரச்சேதம். செய்தவர் அறியாப் பருவத்தினரானால், அதைக் கற்பித்த குருவுக்கு அந்தத் தண்டனை. கிளியின் கழுத்தில் இன்னும் வளையம்கூட விழவில்லை, பச்சைக் குழந்தை. ஆகவே...” என்று பூவநாதனை நோக்கி விரலை நீட்டினார்.

மகாராஜாவின் கண் கலங்கிவிட்டது. பாட்டனார் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. போன மாதம்தான் சொந்த மைத்துனனையே நாடு கடத்தினார். இன்றைக்கு விகடனுக்காக வளைத்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு பக்கம் கிளி, ஒரு பக்கம் பூவநாதன். இருவரில் யாரை இழந்தாலும் தமக்குச் சோறு இறங்காது என்று அவருக்குத் தெரியும்.

பூவநாதனுக்கு மட்டும் பயமில்லையா என்ன? அது தெரியாமல் பவளம் பறந்து வந்து அவன் தோளில் உட்கார்ந்து மீசையைக் கோதியது. அவன் அதன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

“பண்டிதரே, ஒரு சந்தேகம். பெயருக்குக் குருவாக இருப்பவனுக்குத் தண்டனையா, உண்மையில் கற்பித்தவனுக்கா?”

“எவன் கற்பித்தானோ அவனுக்கு! ஏடு தெளிவாகச் சொல்கிறது.”

“அவர் பெரிய மனிதராக இருந்தால்?”

“எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் தப்ப முடியாது, ஓய்!” என்று பண்டிதர் மார்தட்டினார்.

“நல்லது. அப்படியானால் கற்பித்தவர் யாரென்று விசாரித்துவிடலாம். மகாராஜா, தயவுசெய்து இடது கை விரலைக் கொடுங்கள். அரண்மனையில் தினமும் நடப்பதுபோலவே நடக்கட்டும்.”

மகாராஜா முகத்தைச் சுளித்துக்கொண்டே விரலை நீட்டினார். பவளம் போய் உட்கார்ந்து கடித்தது. “ஐயையோ, பவளம்! விடம்மா, விடு கண்ணே!” என்று மகாராஜா அலறினார். அலறல் கேட்டதும் பழத்தட்டுக்காரி செங்கமலம் ஓடோடி வந்து ஒரு கொய்யாத் துண்டை நீட்டினாள். கிளி விரலை விட்டுவிட்டுப் பழத்தைப் பிடித்துக்கொண்டது.

“இன்னும் ஒரு முறை, மகாராஜா.”

அதே கடி, அதே அலறல், அதே கொய்யா. மூன்றாம் முறை பவளம் விரலைக் கவ்வியபோது மகாராஜாவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிச் செங்கமலத்தின் தட்டைத்தான் பார்த்தது. சபையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

“செங்கமலம், பயப்படாமல் சொல். இப்படி எத்தனை நாளாக நடக்கிறது?” என்றான் பூவநாதன்.

“ஆறு மாசமா நடக்குதுங்க. மகாராஜா கத்துன உடனே பழம் நீட்டணும்னு உத்தரவுங்க. அது இல்லாம விரலை விடாதுங்களே, நான் என்னங்க பண்ணட்டும்?”

பூவநாதன் தன் விரலை நீட்டினான். பவளம் ஏறி உட்கார்ந்தது. விரலை மெல்ல நாக்கால் தடவியதே தவிர, கடிக்கவில்லை.

“பார்த்தீர்களா, பண்டிதரே? நான் நடத்திய பாடம் இது, அங்கே நடந்தது வேறொரு குருவின் பாடம். கடித்தால் கொய்யா உண்டு என்று ஆறு மாதம் விடாமல் கற்பித்தவர் யாரென்று சபைக்கே தெரிந்துவிட்டது. தீர்ப்பைச் சொல்லுங்கள்.”

பண்டிதர் மகாராஜாவைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார், மறுபடி மகாராஜாவைப் பார்த்தார். வேர்வை ஆறாக ஓடியது. ஏடுகளைத் தடதடவென்று புரட்டி ஒன்றை உயர்த்திப் பிடித்தார்.

“ஆங், இதோ! தம் ரத்தம் சிந்தத் தாமே காரணமாகும் அரசருக்கும், அதில் சம்பந்தப்பட்ட மற்றெவருக்கும் குற்றமில்லை!”

“அப்படியும் ஒரு ஏடு இருக்கிறதா?” என்றார் மகாராஜா.

“இப்போதுதான் கண்ணில் பட்டது, பிரபு.”

பூவநாதன் எட்டிப் பார்த்தான். ஏடு தலைகீழாக இருந்தது. அதை அவன் சொல்லவில்லை, பாவம் என்று விட்டுவிட்டான். ஆனால் மகாராஜாவும் பார்த்துவிட்டார். அவர் வயிறு குலுங்க, சிம்மாசனமே ஆடச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பண்டிதரிடம், “அதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டு வையும். மறுபடி உமக்கு மறந்துபோகப் போகிறது” என்றார். பண்டிதர் குனிந்து எழுத்தாணியைத் தேடினார்.

“பூவநாதா, என் பிள்ளையைக் கெடுத்தவன் நான்தானடா. உன்னையும் அல்லவா தொலைக்கப் பார்த்தேன்!” என்று மகாராஜா இறங்கிவந்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

முத்தைக் கண்டதும் பவளத்துக்கு ஆசை வந்துவிட்டது போலும். மாலை போட வந்த கையை நறுக்கென்று ஒரு கடி!

மகாராஜாவின் வாய் திறந்தது. பூவநாதன் கண்ணைக் காட்டினான். வாய் மூடிக்கொண்டது. கண்ணில் நீர் தளும்ப, உதட்டை இறுக்கிக்கொண்டு, கிளியை மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டு முதுகைக் காட்டி நின்றார்.

பவளத்துக்கு ஒன்றும் புரியவில்லை. குட்டிக் காலை எடுத்து வைத்து அவர் பின்னாலேயே தத்தித் தத்திப் போனது. “க்கீ?” என்றது. மகாராஜாவின் தோள் ஆடியது.

“திரும்பாதீர்கள், மகாராஜா! திரும்பினால் போச்சு!” என்றான் பூவநாதன்.

“அது கூப்பிடுகிறதடா...”

“கூப்பிடட்டும், பிரபு. இன்னும் கொஞ்ச நேரம்.”

பழக்கதோஷத்தில் செங்கமலம் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மகாராஜா அவளைக் கையமர்த்தித் துண்டை வாங்கினார். கிளி நிமிர்ந்து பார்த்தது, அலகைத் திறந்தது. அவர் அதன் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி, “இந்தா, உன் குருதட்சிணை” என்றார்.

அன்று சபையில் கொய்யாவைத் தின்றது பூவநாதன்தான்.