மூன்றாவது நாற்காலி

“சாப், அந்த ஜெபாஸ்டினை நம்ம பேண்டை விட்டுத் தூக்குங்க.”

சிமென்ட் தரையில் டக் டக்கென்று நடந்து வந்த குணசீலன் எடுத்த எடுப்பில் இதைத்தான் சொன்னான்.

பட்டாளத்தில் பேக்பைப் வாசித்துவிட்டுப் பென்ஷனில் வந்தவர்கள் கோத்தகிரியில் ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் குரு, சுபேதார் அற்புதராஜ். ஒன்பது வருஷமாக முதல் வரிசையில் நடப்பவன் குணசீலன். மற்றவர்கள் எப்போதோ கான்வாஸ் ஷூவுக்கு மாறியாயிற்று. இவன் ஒருத்தன்தான் இன்னும் பூட்ஸ் குதிகாலுக்கு இரும்பு லாடம் அடித்துப் போடுகிறவன்.

“என்ன செஞ்சான்?” அற்புதராஜ் பைப்பின் தோல்பையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நேத்து மைதானத்துக் கச்சேரியில அவன் பைப் வாசிச்சதைப் பாத்தீங்கல்ல! பக்கத்துல எலெக்ட்ரிக் கிடார், பின்னால டிரம் செட். ஸ்காட்லாந்து மலைக்காரன் நெஞ்சை நிமித்தி நடந்த பாட்டு சாப் அது! ராக் பாட்டாக்கிட்டான்.”

“நம்ம பழைய ஆளுங்க என்ன சொன்னாங்க?”

குணசீலன் முகம் தீய்ந்த தோசையாயிற்று.

“அதைத்தான் தாங்க முடியல. நான் வாசிச்சப்ப கொட்டாவி விட்ட கிழடுங்க, அவனுக்கு எந்திரிச்சு நின்னு கைதட்டுதுங்க. அடுத்த வருஷம் முதல் வரிசைக்கு அவன்தானாம்.”

“ஓ. முதல் வரிசை.”

“சத்தியமா அதுக்கில்ல சாப்! மரபு கெடுது. அந்தக் கூத்துக்குத் தாளம் போட்டவன் ஒருத்தனும் மரபுன்னு வாயைத் திறக்கக் கூடாது. அவனுங்க பேரையும் சேத்து அடிங்க.”

“நீ?”

“நானா? கையைக் கட்டிக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன்.”

“சரி. பேர் நோட்டை எடுத்துக்கிட்டு வா. அடிச்சிடலாம்.”

இருவரும் மைதானத்துக்குப் போனார்கள்.

நேற்றுப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை கலையாமல் அப்படியே கிடந்தன. முந்தாநாள் மழையில் ஊறிய மண். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் குதிகால் தட்டித் தட்டிப் பணியாரக் குழி மாதிரி ஒரு பள்ளம்.

“இது யாரு?”

“ராயப்பன். கான்வாஸ்.”

அடித்தான். சந்தோஷமாகவே அடித்தான்.

“இது?”

“போஜன். அவனும் கான்வாஸ்தான். இந்த வயசுல ஆட்டத்தைப் பாருங்க!”

அந்தப் பேரை இரண்டு தரம் அடித்தான்.

மூன்றாவது நாற்காலிக்கு முன்னால் அற்புதராஜ் குந்தி உட்கார்ந்தார். இருந்ததிலேயே ஆழமான பள்ளம் அது. அடியில் குதிரைக் குளம்பு போல வளைந்து, இரும்பு பதிந்த தடம்.

“இது யாரு?”

பேனா நின்றுவிட்டது.

குணசீலன் வலது காலை மெல்ல இழுத்து இடது காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

அற்புதராஜ் பள்ளத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“ஒரே இடத்துலயே தட்டியிருக்கான்ப்பா,” என்றார். “தாளம் தப்பவே இல்ல.”