தனிக்கு எழுந்தவர்

மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை வந்த கடம் வித்வான் உடையப்பனைச் சபா செக்ரட்டரி பட்டாபிராமன் ஏற இறங்கப் பார்த்தார்.

"தனி ஆவர்த்தனம்னாலே ஜனம் கேன்டீனுக்கு ஓடிடும். நீங்க தனி வாசிக்கறப்ப ஒருத்தர் எழுந்தாலும் அடுத்த வருஷம் உங்களுக்கு இங்கே இடமில்லை!"

நம்மைக் கழற்றிவிடத்தான் இந்த நிபந்தனையோ என்று உடையப்பனுக்குச் சந்தேகம். நேரே கேன்டீனுக்குப் போனார்.

"அண்ணே, ஊருக்கே பரிமாறுறீங்க. இன்னிக்கு என் தனியை எல்லாரும் உட்கார்ந்து கேளுங்களேன்."

தனி தொடங்கியதும் சமையல்காரர், பரிமாறுகிறவர்கள் எல்லாரும் வந்து முன்வரிசையில் அமர்ந்தார்கள். அதைப் பார்த்த கூட்டம் அசையவில்லை. எழுந்துபோய் யாரிடம் வடை கேட்பது?

கேன்டீனிலிருந்து ஒரே ஒரு குரல் அரங்குவரை கேட்டது. "யாருப்பா அங்கே? ஒரு ரவா தோசை!"

கச்சேரி முடிந்ததும் உடையப்பன் செக்ரட்டரியிடம் வந்தார்.

"ஒருத்தர் எழுந்தார் சார். மைக்கில் பேரைச் சொல்லட்டுமா, இல்லை, நீங்க அடுத்த வருஷத் தேதியைச் சொல்றீங்களா?"