ஹவில்தார் ‘ஆமா’ சொன்ன கேள்வி

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது காது போன ஒரு மனுஷனோட கதை. தூரத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வேலூர்ப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் கஞ்சி மடம் ஒன்று இருந்தது. மலைக்குப் போகிறவர், வேலை தேடி அலைகிறவர், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவர், யாராக இருந்தாலும் ஒரு சொம்பு கஞ்சி உண்டு. மடத்தை நடத்தியவர் பூங்காவனத்தம்மா. முன்னே பஸ் ஸ்டாண்டில் டெலிபோன் பூத் வைத்திருந்தவர். இந்தப் பக்கம் பேசுகிறவரை மட்டும் கேட்டுக் கேட்டே, அந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பழகியவர். சாயங்காலம் அடுப்பை அணைத்த பிறகு நாலு வார்த்தை பேசுவார். கேட்க ஒரு கூட்டம் வரும்.

அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக, அம்மாவின் முகத்துக்கு நேரே உட்காருகிறவர் முனிரத்தினம். பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து வந்தவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அம்மாதான் குரு. அம்மா எது சொன்னாலும் தலையாட்டுவார். பக்தி என்றால் ஹவில்தார் பக்திதான் என்று ஊரில் பேச்சு.

பக்தி இல்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீரங்கிச் சத்தத்தில் காது போய்விட்டது; பேச்சு விழாது, பெரிய சத்தம் மட்டும் விழும். ராஜஸ்தான் மணலில் ஒரு பயிற்சியின்போது ரத்தமே வந்தது. துடைத்துக்கொண்டார், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பீரங்கியிலிருந்து இறக்கி சமையல் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். சட்டைக் கையில் ஹவில்தாருக்கான மூன்றாவது பட்டை ஏறாது. வருஷா வருஷம் மெடிக்கலில் டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு எண்ணை மெதுவாகச் சொல்வார். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரே வரிசையில் நிற்கிற சிநேகிதர் அற்புதராஜ், நாகர்கோவில்காரர், அந்த எண்ணைத் தொடைமேல் விரல் வைத்துக் காட்டுவார். ஹவில்தார் கணீரென்று சொல்வார். கடைசி மெடிக்கல் வரைக்கும் இப்படியே போனது. நல்ல காது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்து ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. வாக்கி டாக்கியில் சூப்பர்வைசர் எது சொன்னாலும், “ஓகே சார்.” ஒரு நாள், கேட்டைத் திறக்காதே என்று சொன்னார் போல. “ஓகே சார்” என்று சொல்லித் திறந்துவிட்டார். செவிட்டு ஆள் நமக்கு வேண்டாம் என்றது கம்பெனி.

காது போனதுக்குப் பென்ஷன் கேட்டு எழுதிப் போட்டார். உமக்குத்தான் காது கேட்குமே என்றது பட்டாளம்.

மேலே எழுதினார், அங்கேயும் தள்ளிவிட்டார்கள். இனி ராணுவத் தீர்ப்பாயம் ஒன்றுதான் பாக்கி. அதிலும் தள்ளிவிட்டால் தட்டுவதற்கு வேறு கதவு அவருக்குத் தெரியாது. சம்சாரம் செண்பகவல்லி ஷூ கம்பெனியில் நின்றுகொண்டே தோல் ஒட்டி, கால் வீங்கி வந்து படுப்பாள். குடும்பம் அதில்தான் ஓடியது.

காது போனதோடு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. ரெண்டு பேர் தள்ளி நின்று பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சிரித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் அம்மாவிடம் வந்து நின்றார்.

“அம்மா, வக்கீல் வைக்கணும். யாரை வைக்கிறது?”

“யாரையாவது பாத்தீங்களா ஹவில்தாரே?”

“வேலூர்ல கஜபதின்னு ஒருத்தர். ஆபீஸ் முழுக்க அவர் போட்டோதான். டேங்க் பக்கத்துல நிக்கிறார்.”

“ஓட்டினாரா?”

“கண்காட்சிம்மா.”

“உங்களை என்ன கேட்டார்?”

“ஒண்ணும் கேக்கலை. எல்லாத்தையும் அவரே சொன்னார். கேஸ் ஜெயிச்ச மாதிரிதானாம். கோர்ட்டு மறுபடியும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்புமாம். அங்க போய் சுத்தச் செவிடா நின்னுடு, பின்னாலேர்ந்து யார் கூப்பிட்டாலும் திரும்பாதேன்னார்.”

“முடியுமா?”

“இதென்னம்மா பெரிய வித்தை?”

“சரி. அந்தக் கேழ்வரகைக் கொஞ்சம் புடைங்க.”

ஹவில்தார் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கஜபதி நல்லவரா, டேங்க் போட்டோ நிஜமா என்று யோசித்துக்கொண்டே புடைத்தார்.

முதுகுக்குப் பின்னால் கஞ்சிக் கரண்டி கருங்கல் தரையில் விழுந்தது.

“பொசிஷன்!” என்று கத்திக்கொண்டு ஹவில்தார் குப்புறப் படுத்துவிட்டார். கேழ்வரகு மடம் முழுக்கச் சிதறியது. முறம் போய் வாசலில் கிடந்தது.

“கை தவறிடுச்சு” என்றார் அம்மா. குனிந்து கரண்டியை எடுத்தார். “போர்டுல இருக்கிற டாக்டருக்கும் கை தவறும்.”

ஹவில்தார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அம்மாவையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த வாரம் வேறு வக்கீல் தேடிச் சென்னைக்குப் போனார். அங்கே ரூபாவதி என்று ஒரு வக்கீல். பட்டாளத்துக் கேஸ்களே பார்க்கிறவர். சின்ன ரூம். ஒரு மேஜை, ஒரு புத்தக அலமாரி, ஓரத்தில் ஒரு குமாஸ்தா. போட்டோ ஒன்றும் இல்லை. அதுவே ஹவில்தாருக்கு உறுத்தியது.

வக்கீலம்மா எடுத்த எடுப்பில் கேட்டார்: “வருஷா வருஷம் மெடிக்கல்ல எப்படித் தேறினீங்க?”

“நீங்க யாருக்கு வக்கீல் மேடம்? எனக்கா, சர்க்காருக்கா?”

“இன்னும் யாருக்கும் இல்லை. அதான் கேக்கிறேன்.”

“எனக்குக் காது அப்பப்பக் கேக்கும்.”

“மெடிக்கல் அன்னைக்கு மட்டும் கேக்குமோ?”

ஹவில்தாருக்கு அற்புதராஜின் விரல்தான் கண்ணில் நின்றது. அதைச் சொன்னால் அவன் பென்ஷனுக்கும் வேட்டு வைத்துவிடுவார்களோ? இந்த வக்கீலம்மாவை இப்படிக் கேட்கச் சொன்னதே பட்டாளத்துக்காரர்கள்தானோ?

வக்கீலம்மா எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரியில் ஒரு புத்தகத்தை இழுத்தார். இழுத்துக்கொண்டே ஏதோ சொன்னார் போல இருந்தது.

“ஆமா மேடம்” என்றார் ஹவில்தார்.

பாதி இழுத்த புத்தகம் அப்படியே நின்றது. வக்கீலம்மா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா வாயை மூடிக்கொண்டு கீழே குனிந்தான்.

போதும் என்று ஹவில்தார் பையை எடுத்தார்.

“தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க” என்று உதடு அசைந்தது. அந்தத் தண்ணீரிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை.

மடத்துக்கு வந்து சேரும்போது சாயங்காலக் கூட்டம் கூடியிருந்தது.

“கஜபதியையே வச்சிடலாம்மா. மெட்ராஸ்காரி அவங்க ஆளு. என்னையே குற்றவாளி மாதிரி கேக்கிறா. குமாஸ்தா வேற இளிக்கிறான்.”

“எப்ப இளிச்சான்?”

“அந்தம்மா புத்தகம் எடுக்க அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாங்க. அப்ப.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னேன்.”

அம்மா முந்தானையை எடுத்து முகத்து வியர்வையைத் துடைத்தார். துடைத்த முந்தானை வாய்மேலேயே நின்றது. கண் மட்டும் ஹவில்தாரைப் பார்த்தது.

“ஆமாம்மா” என்று தலையாட்டினார் ஹவில்தார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மடத்து நாய் எழுந்து வெளியே போனது.

ஹவில்தார் சட்டென்று திரும்பினார். “என்னா சிரிப்பு? யாரைப் பாத்துச் சிரிக்கிறீங்க?”

முறுக்கு விற்கிற கங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். “போன மாசம் காணாமப் போச்சே பித்தளை அண்டா, அதை எடுத்தது நீங்கதானான்னு அம்மா கேட்டாங்க. வாயாலயே ஒத்துக்கிட்டீங்களே அண்ணா! எங்க வச்சிருக்கீங்க?”

ஹவில்தார் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கூட்டமும் அடங்கியது.

“எத்தனை நாளாத் தெரியும்மா உங்களுக்கு?”

“வந்த அன்னைக்கே. நான் அடுப்புப் பக்கம் திரும்பிப் பேசினா, நீங்களும் அடுப்பைச் சுத்தி வந்து நின்னீங்க.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

ஹவில்தார் கண்ணைச் சுருக்கினார். “அந்த வக்கீலும் நீங்களும் போன்ல பேசி வச்சிருக்கீங்களா?”

“பூத்தை மூடி எவ்வளவு காலமாச்சு!”

ஹவில்தார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, பட்டாளத்திலிருந்து வந்த நாளாகப் பேசாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

“அப்படின்னா, அங்க நான் எந்தக் கேள்விக்கும்மா ஆமான்னு சொல்லிட்டு வந்தேன்?”

“எனக்கெப்படித் தெரியும்? கேட்டவங்களைக் கேளுங்க.”

மறுநாள் ஹவில்தார் சென்னை பஸ் ஏறினார். முன் சீட்டில் ரெண்டு பேர் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்.

வக்கீலம்மாவின் மேஜைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மேடம், அன்னைக்கு அலமாரிப் பக்கம் திரும்பி ஏதோ கேட்டீங்க. நான் ஆமான்னேன். நீங்க கேட்டது என் காதுல விழலை. என்ன கேட்டீங்க?”

ரூபாவதி பேனாவை மூடி வைத்தார். முகத்தை நன்றாக அவர் பக்கம் நிமிர்த்தினார்.

“உங்க காது நல்லாத்தானே இருக்குன்னு கேட்டேன்.”

இந்தத் தடவை குமாஸ்தா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“இதே கேள்வியைத்தான் அங்கயும் கேப்பாங்க” என்றார் வக்கீலம்மா. “இப்பச் சொல்லுங்க. எப்படித் தேறினீங்க?”

ஹவில்தார் சொன்னார். மணலில் வந்த ரத்தம், மூன்றாவது பட்டை, தொடைமேல் விரல், எல்லாம் சொன்னார். பேரை மட்டும் சொல்லவில்லை.

“விரல் காட்டினது யாரு?”

“அது வேண்டாம் மேடம். அவனை மாட்டி விடமாட்டேன்.”

“உங்க காது போச்சுன்னு பட்டாளத்துலயே தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். இத்தனை நாளா உங்க சாட்சியை நீங்களே ஒளிச்சு வச்சிருக்கீங்க. வர்றாரா இல்லையான்னு அவர் சொல்லட்டும். கேட்டீங்களா அவரை?”

ஹவில்தார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அற்புதராஜ் நம்பரைக் காட்டி, மேஜைமேல் தள்ளினார். வேறு யார் கையிலும் அந்தப் போனை அவர் கொடுத்ததில்லை.

வக்கீலம்மா நம்பரைப் போட்டு, நிறுத்தி நிதானமாக விஷயத்தைச் சொன்னார். சாட்சிக்கு வந்தால் அவருக்கு வரக்கூடிய சங்கடத்தையும் மறைக்காமல் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஹவில்தார் அந்த முகத்தையே பார்த்தார். வக்கீலம்மாவுக்கு ஒரு முறை சிரிப்பு வந்தது. ஹவில்தாருக்குப் பழைய சந்தேகம் தலைதூக்கியது; நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன் மேஜைக்குத் திரும்பியது.

“வர்றாராம். என்ன ஆனாலும் பாத்துக்கலாம்ங்கிறார்.”

“சிரிச்சீங்களே மேடம்.”

“வந்ததும் முதல்ல உங்களை ஒரு அறை விடணுமாம். அவரோட பொண்ணு கல்யாணத்துக்கு எத்தனை தடவை போன்ல கூப்பிட்டார், எல்லாத்துக்கும் ‘சரிடா, சரிடா’ன்னுட்டு வராமலே இருந்துட்டீங்களாம்.”

ஹவில்தார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எழுந்து போகும்போது, மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்து முழுக்கக் குடித்தார்.

கேஸ் போட்டாயிற்று. பிறகு ஒரு நாள் காலையில் மடத்தில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டம் சொம்போடு உட்கார்ந்திருந்தது. அடுப்புக்கு அந்தப் பக்கம் பூங்காவனத்தம்மா துழாவிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஹவில்தார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, கேஸ் ஜெயிக்குமா?”

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சுவரிடம் ஏதோ சொன்னார்.

கூட்டம் ஹவில்தாரின் தலையையே பார்த்தது.

தலை ஆடவில்லை. அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். எழுந்தார். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வந்து, சுவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்தார்.

“கேக்கலைம்மா” என்றார், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. “இன்னொரு தடவை சொல்லுங்க.”