இறங்கியபடியே மலையேறிய மாப்பிள்ளை வேன்

அடிவாரப்பட்டி ஆண்களுக்கு அறிவு குறைவு என்று சொல்பவர்கள் அவர்களோடு பழகாதவர்கள். பழகியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. குறைவதற்கும் கொஞ்சம் இருக்க வேண்டுமல்லவா?

அந்த ஊர் மாசிலாமணிக்கு முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. மலைமேல் உச்சிப்பட்டி, பெயர் செங்கமலம். அவளுடைய அப்பா காத்தமுத்து விதித்தது ஒரே நிபந்தனை: "பத்தரைக்குள்ள தாலி ஏறணும். தவறினா என் தங்கச்சி மகன் கட்டுவான்." அந்தத் தங்கை மகன் விடிந்ததிலிருந்தே பட்டு வேட்டியோடு பந்தலில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது.

மாசிலாமணி தாமதிக்கவில்லை. தாய்மாமன் வேலாயுதத்தின் வேனில், சித்தப்பா தங்கப்பனையும் ஏற்றிக்கொண்டு, காலை ஏழு மணிக்கே கிளம்பினான். வேனுக்கு அவனைவிட வயது அதிகம், நிதானமும் அதிகம். மூன்றாவது வளைவில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது.

மெக்கானிக் அந்தோணியைப் போனில் பிடித்தார்கள்.

"ஏசியை நிறுத்துங்க. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துங்க. ஆனா கொதிக்கும்போது மூடியில கை வெச்சிடாதீங்க" என்றான் அவன்.

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"நம்ம வண்டியில ஏசியே இல்லையே, மாமா?"

"அதான் மாப்ள சிக்கல். மொதல்ல ஒண்ணு மாட்டணும். மாட்டினாத்தானே நிறுத்த முடியும்?"

மலையில் ஏசி கிடைக்காது என்பதால் அந்தச் சிகிச்சையை ஒத்திவைத்துத் தண்ணீருக்கு வந்தார்கள். மூடியில் கை வைக்கக் கூடாது. ஆகவே ஒருவரும் வைக்கவில்லை. மூடிய மூடியின் மேலேயே இரண்டு குடம் தண்ணீரைப் பக்தியோடு ஊற்றினார்கள். தண்ணீர் முழுவதும் தார்ச்சாலையில் ஓடியது.

"தாகம் இல்லை போல. துப்புது பாரு" என்றார் சித்தப்பா.

தாகம் இல்லாத வேன் அடுத்த வளைவில் மறுபடியும் ஆவி கக்கியது. மறுபடியும் அந்தோணி. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பழைய வண்டி, மேட்டுல ஏறினா சூடாகத்தான் செய்யும். இறக்கத்துல ஆகாது. அதனால நல்லா ஆறவிட்டு..."

மிச்சத்தைக் கேட்க மாமா காத்திருக்கவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே!" என்று போனை வைத்தார், வேனைத் திருப்பினார், மலையிறங்கினார். முள் அடக்க ஒடுக்கமாகக் கீழே வந்தது. அடிவாரப்பட்டி எல்லையை அடைந்தபோது அது பச்சைக் குழந்தையைப் போலப் படுத்திருந்தது.

"குணமாயிடுச்சு!" என்று மாமா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

மாசிலாமணியும் மகிழ்ந்தான். ஆனால் ஏதோ உறுத்தியது. வெகுநேரம் யோசித்த பிறகே அது பிடிபட்டது. "மாமா, பொண்ணு மேல இருக்கே!"

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. சித்தப்பாதான் வழி சொன்னார்.

"செக்கு மாட்டுக்கு ஏன்டா கண்ணைக் கட்டுறோம்? சுத்தறது தெரியக் கூடாதுன்னுதானே? இதுவும் அப்படித்தான். மூஞ்சியைக் கீழ பார்க்க வெச்சு ரிவர்ஸ்லயே ஏத்துவோம். இறங்கிட்டிருக்கோம்னு நினைச்சுக்கும்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"யாரும் திரும்பி மேல பார்க்காதீங்க. மேடுன்னு வாய்விட்டுச் சொல்லாதீங்க."

ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் ஒரு வேன் பின்புறமாக மலையேறியது. எதிரே வந்த பஸ்காரர்கள் திட்டியதை மூவரும் மணவாழ்த்தாக ஏற்றுக்கொண்டார்கள். வளைவுக்கு வளைவு மாசிலாமணி, "ஆகா, என்ன இறக்கம்!" என்று வேனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு மனப்பூர்வமாகப் பொய் சொன்னதில்லை. வேன் நம்பியதோ என்னவோ, பத்து இருபதுக்கு உச்சிப்பட்டிப் பந்தல் அருகே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கொதித்தது.

உச்சிப்பட்டியார் இவர்களுக்குப் பெண் கொடுக்க முன்வந்தவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மலையிறக்கத்தைப் பார்த்து நின்ற வேனைக் கண்டதும் காத்தமுத்து அலறினார்.

"ஐயையோ, மாப்பிள்ளை வீட்டார் கோவிச்சுக்கிட்டுப் போறாங்க! விடாதீங்க!"

பத்துப் பதினைந்து பேர் கீழ்ப்பக்கம் ஓடி, வேனின் முகத்தில் கை கொடுத்துப் பந்தலை நோக்கித் தள்ளினார்கள். உள்ளே மாசிலாமணி கண்ணாடி வழியே அதைக் கண்டு கலங்கினான்.

"பின்னால தள்ளுறாங்க மாமா! என்னை வேண்டாம்னு விரட்டுறாங்க!"

"எவன்டா விரட்டறது?" என்று மாமா பிரேக்கை அழுத்தி மிதித்தார்.

வேன் நகரவில்லை. உள்ளே இருந்தவர்கள் போக மறுத்தார்கள். வெளியே இருந்தவர்கள் போகவிட மறுத்தார்கள். தங்கை மகன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். அதைக் கண்ட செங்கமலம் புடவையைத் தூக்கிப் பிடித்து ஓடிவந்து, ஐயரையும் கையோடு இழுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினாள்.

"கட்டுங்க சீக்கிரம்! மணி பத்து இருபத்தெட்டு!"

ஆவி நடுவே, கழுத்தைத் தடவித் தேடி, மாசிலாமணி தாலி கட்டினான். அவன் கண்ணில் வழிந்தது ஆனந்தமா ஆவியா என்று அவனுக்கே தெரியவில்லை.

"விருந்துக்கு வாங்க" என்று பத்தடி மேலே இருந்த பந்தலைக் காட்டினார் காத்தமுத்து.

மாமா முள்ளைப் பார்த்துத் தலையசைத்தார். "மேடா இருக்கு, சம்பந்தி. வண்டி தாங்காது. அடிவாரம் வரைக்கும் இறக்கி ஆறவிட்டு வந்துடறோம்."

மாப்பிள்ளை, பெண், ஐயர் எல்லோரோடும் வேன் மலையிறங்கியது. காத்தமுத்து கண்ணுக்கு மேல் கை வைத்து அது போவதையே பார்த்து நின்றார். பிறகு சமையல்காரரைத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"வந்தப்ப மாதிரியே வண்டி மூஞ்சி கீழ பார்க்குது, வந்துட்டே இருக்காங்க. இலையைப் போடு!"