ஆறு கத்திக்கு ஏழு எண்ணெய்

காயல் ஓரத்தில் ஒரு சிறு மடம். அங்கே பன்னிரண்டு துறவிகள் இருந்தார்கள். உப்புக் காற்றில் பூட்டு, ஆணி, அரிவாள்மணை எல்லாம் சீக்கிரம் துருவேறிவிடும். மடத்துக்கென்று இருந்த ஆறு சவரக்கத்திகளைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாசிலாமணி வந்து எல்லோருக்கும் தலை மழித்துவிடுவார். கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். வேலை முடிந்ததும் கத்திகளைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவார்.

சபாநடேசன் துறவு பூண்டு மடத்துக்கு வந்த பிறகு அது மாறியது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். வயது அறுபத்தொன்று. அவருடைய குரு தாண்டவ சுவாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

“தேங்காய் எண்ணெய் பிசுக்காயிடும், மாசிலாமணி. இனிமே இதை நான் பாத்துக்கிறேன்” என்று சபாநடேசன் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த பௌர்ணமியன்று மாசிலாமணி ஒரு கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐயா, கத்தி வாயில துருப் புள்ளி விழுந்திருக்கு. சாணை பிடிக்காம இதைத் தலையில வைக்கக் கூடாது.”

“கிராம்பு எண்ணெய் போட்டிருக்கேன். அதோட கறைதான் அது. ஆரம்பிங்க, நேரமாகுது.”

மாசிலாமணி தயங்கினார். பிறகு ஆரம்பித்தார். துறவிகளில் மூத்தவரான வைத்தியலிங்கத் தம்பிரானின் உச்சந்தலையில் கத்தி சிக்கி இழுத்தது. ரத்தம் நெற்றிவரை வழிந்தது.

“கத்தியைக்கூட ஒழுங்கா வச்சிக்கத் தெரியலை. நீயெல்லாம் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வந்தே?” என்று தம்பிரான் எல்லோர் முன்னிலையிலும் கத்தினார்.

மாசிலாமணி சபாநடேசனை ஒரு தடவை பார்த்தார். சபாநடேசன் குனிந்து, தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார்.

மாசிலாமணி வேறு கத்தி எடுத்து மீதித் தலைகளை முடித்தார். “அடுத்த மாசத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சபாநடேசன் மாசிலாமணி வீட்டுக்கு ஒரு வாழைத்தார் அனுப்பினார். அது திரும்பி வந்தது. ஒரு வேட்டி அனுப்பினார். அதுவும் வந்தது. அதன்பின் அவர் எண்ணெய்களில் மூழ்கிவிட்டார். எங்கெங்கோ அலைந்து சேகரித்தார், கத்திகளில் பூசிப் பார்த்தார், நோட்டில் எழுதினார். இரண்டு வாரம் கழித்து ஏழு சீசாக்களைக் குருவின் முன் வரிசையாக வைத்தார்.

“நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், புன்னை எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய்… எல்லாம் இருக்கு சாமி. எதைப் போட்டாலும் துரு வருது. கத்திக்கு எந்த எண்ணெய் உகந்தது?”

தாண்டவ சுவாமி சீசாக்களைப் பார்க்கவில்லை.

“கடைசியா பூசின கத்தியைக் கொண்டு வாங்க.”

கொண்டு வந்தார். கத்தி பளபளத்தது. சுவாமி தோளில் கிடந்த துண்டின் முனையால் அலகை அழுத்தித் துடைத்தார். பளபளப்பு துண்டோடு வந்துவிட்டது. அடியில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன.

“இதை எப்போ பூசினீங்க?”

“கழுவின உடனே.”

“ஈரத்தோடயா?”

சபாநடேசனுக்குக் காது சுட்டது. வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாயில் ஆணி போட்டு, துரு பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும் என்று காட்டியவர் அவர்.

“எண்ணெய் போட்டா போதும்னு நெனச்சுட்டேன் சாமி.”

சுவாமி கத்தியை அவரிடம் நீட்டினார். “இருக்கறதுலயே நல்ல எண்ணெயா எடுங்க. இந்தத் துரு மேலயே பூசுங்க.”

சபாநடேசன் ஒரு சீசாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பூசாமல் பழுப்புப் புள்ளிகளையே பார்த்தார்.

“சாமி, மாசிலாமணி அன்னைக்கே சொன்னார். நான்தான் கேக்கலை. தம்பிரான் திட்டும்போது நான் வாயைத் திறக்கலை.”

“வாழைத்தாரை ஏன் திருப்பினார்னு கேட்டீங்களா?”

சபாநடேசன் சீசாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

கடையில் மாசிலாமணி ஒருவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பெஞ்சில் இருவர் காத்திருந்தார்கள். சபாநடேசன் வாசலிலேயே நின்றார்.

“மாசிலாமணி, தப்பு என் மேலதான். நீங்க எச்சரிச்சீங்க. நான் கேக்கலை. அப்புறம் பேசாம நின்னுட்டேன்.”

மாசிலாமணி கத்தியை நிறுத்தாமல் சொன்னார்: “அன்னைக்குப் பன்னெண்டு பேருக்கு முன்னாடி பேச்சு வாங்கினேன் ஐயா. இங்க மூணு பேருதான் இருக்காங்க.”

சபாநடேசன் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார்.

“பௌர்ணமிக்கு வாங்க” என்றார்.

“பாக்கலாம்” என்றார் மாசிலாமணி.

வந்தார். மடத்துக் கல்மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அவர் பையைப் பிரிப்பதற்குள் சபாநடேசன் நடுவே வந்து நின்றார். கத்தியைக் கெடுத்தது யார், எச்சரித்தது யார், வாய் திறக்காமல் இருந்தது யார் என்று மூன்றையும் சொன்னார்.

வைத்தியலிங்கத் தம்பிரானின் கை, தழும்பு இருந்த உச்சந்தலைக்குப் போயிற்று.

“அடேயப்பா, ஆளை மாத்தியில்ல திட்டிப்புட்டேன்” என்றார். எழுந்து வந்து மாசிலாமணிக்கு எதிரே உட்கார்ந்தார். “முதல்ல எனக்கே கத்தியை வைங்கய்யா.”

மாசிலாமணி அவர் தலையில் தண்ணீர் தடவினார். சபாநடேசன் பக்கம் திரும்பாமலே, “அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளுங்க” என்றார். சபாநடேசன் தள்ளினார்.

எல்லாம் முடிந்து மண்டபம் காலியானது. சபாநடேசன் கத்திகளைக் கழுவினார். ஒவ்வொன்றையும் துடைத்து, ஈரம் காயத் திறந்தபடியே துணியில் பரப்பி வைத்தார். தாண்டவ சுவாமி அருகில் வந்து உட்கார்ந்தார்.

“சொல்லிட்டேன் சாமி. ஆனா இன்னும் உடம்பெல்லாம் கூசுது. யார் முகத்தையும் பாக்க முடியலை. இதுக்கு ஏதாவது…”

சுவாமி கத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காயலிலிருந்து காற்று வந்தது.

“கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்” என்றார்.